அனுப்பியாச்சு

1

எழுபத்தொரு மணி நேரம் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கல்லூரி தன் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியலை வெளியிடும். அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இருக்காது. காத்திருப்போர் பட்டியலிலும் இருக்காது. இடம் கிடைக்காதவர்கள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டால் அதிலும் இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. அவளுடைய அக்காவுக்குத் தெரியும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் எக்செல் தாளிலிருந்து வந்தது. ஏழு வரிசை, ஐந்து பத்தி: கல்லூரி, படிப்பு, கடைசித் தேதி, முடிவு தெரியும் தேதி, நிலை. கடைசித் தேதி நெருங்கினால் கட்டம் மஞ்சளாகும். ஒரு நாள்தான் பாக்கி என்றால் சிவப்பாகும். விண்ணப்பம் போய்விட்டால் பச்சை. தாளைத் தயாரித்தவள் அக்கா. அவளைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் சொல்லப்போகிறேன். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். (பெயர் வைத்துப் பார்த்தேன். பெயர் வைத்ததும் எல்லாம் வேறு யாரோ செய்தது போல ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன்.)

தாளில் ஏழு கட்டங்களும் பச்சை. ஏழாவது பச்சை பொய்.

2

இதற்கு முன் வேறு தொடக்கங்கள் எழுதினேன். அவற்றையும் காட்டிவிடுகிறேன்.

“பெரியவள் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.” தகவல் சரி. குப்பியில் நீர் வந்து சேரும். மூடியில் எடுத்த நேரம் எழுதியிருக்கும். கிருமிச் சோதனைக்கு வந்த நீரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். தாண்டினால் கொட்டிவிட வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு குப்பிகூட அவள் கையில் நேரம் தாண்டியதில்லை. ஆகவே தேதியை மறக்கிற ஆள் அல்ல அவள். மறக்கிற ஆள் அல்ல என்றால்,

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன்.)

இன்னொன்று: “அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது.” இதுவும் சரி. கைகால் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சும் திரும்பியது. ஆனால் சொற்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. கண்ணாடி வேண்டுமென்றால் அம்மா “சாவி” என்பாள். போர்வைக்குக் “கணக்கு.” தலைவலிக்கு “பஸ்.” நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். தான் சொல்வது தப்பென்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. தப்பான சொல் வாயிலிருந்து விழுந்ததும் முகத்தைச் சுளித்துக்கொள்வாள்.

சின்னவளுக்கு அந்தப் பேச்சு புரிந்துவிட்டது. எப்படி என்று யாருக்கும் தெரியாது. பதினைந்து வயதில் புது ஊருக்குப் போய் அந்த ஊர்ப் பாஷையைப் பிடித்துக்கொள்வதைப் போலப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளை வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மா சார்பில் வாதாடுகிறவள் அல்லவா? பெரியவள் ஒரு நோட்டில் அம்மாவின் சொற்களை எழுதி, எதிரே பொருளையும் எழுதிவைத்தாள். நோட்டு பாதி நிரம்பியது. ஆனால் அம்மா ஒரே சொல்லை இரண்டு நாள் இரண்டு பொருளில் சொல்வாள். சின்னவள் சொல்லைக் கேட்பதில்லை. அம்மாவைப் பார்க்கிறாள். பெரியவள் நோட்டைப் பார்ப்பாள்.

சின்னவள் விண்ணப்பித்த ஏழாவது படிப்பு, பேச்சு சிகிச்சை. எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். கதைக்காக வைத்தது போல இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாவரவியல் என்று மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. மற்ற ஆறும் அப்பாவின் நிம்மதிக்காகப் போட்டவை.

3

ஏப்ரல் பதினெட்டு. மாலை ஐந்து மணிக்கு ஏழாவது கல்லூரியின் விண்ணப்பம் முடிகிறது. சின்னவளுக்கு அன்று மதியம் செய்முறைத் தேர்வு. விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களையும் நிரப்பிவிட்டாள். கடைசிப் பக்கத்தில் பொத்தான் மட்டும் பாக்கி.

“அக்கா, நீ ஒரு தடவை முழுசா படிச்சுப் பார்த்துட்டு அனுப்பிடு,” என்றாள் காலையில், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. “எனக்கு அந்தப் பொத்தானைத் தொடவே பயமா இருக்கு. எழுத்துப்பிழை இருந்தா உன் தலைதான் உருளும்.”

பெரியவள் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தாள். விண்ணப்பம் போகவில்லை.

ஏன் போகவில்லை? இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் காரணம் சர்வர். பக்கம் திறக்கவில்லை. வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவள் அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள், மணி ஐந்தாகிவிடுகிறது. வாசிக்கிற எல்லோருக்கும் இது நடந்திருக்கும் என்பதால் எல்லோரும் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் அந்தக் கல்லூரியின் பக்கம் அன்று சட்டென்று திறந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது காரணம் எனக்கு அதிகம் பிடித்திருந்தது. அறிவிப்பில் “ஏப்ரல் 18-க்குள்” என்று இருந்தது. க்குள் என்றால் என்ன? பதினெட்டு உள்ளேயா, வெளியேயா? வீட்டுக்குள் என்றால் வீட்டின் உள்ளே. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அந்த ஒரு மணி முடிவதற்கு முன். பதினெட்டு முழுவதும் உண்டு என்று நினைத்து ராத்திரி அனுப்பலாம் என்று இருந்துவிட்டாள். ஒரு விகுதியால் ஒரு வருடம் போனது. நல்ல கதை. எனக்குக்கூட அவள் மேல் இரக்கம் வந்தது. பிறகு எக்செல் தாளைத் திறந்தேன். ஏழாவது வரிசையில், தடித்த எழுத்தில், அவளே எழுதியிருக்கிறாள்: ஏப்ரல் 18, மாலை 5 மணி.

அதையும் அடித்துவிட்டேன்.

4

வெள்ளி மாலை ஆறு மணி. இந்தப் பகுதியை எழுத நான் திட்டமிடவில்லை. திங்கட்கிழமை காலைக்கு நேராகத் தாவுவதாக இருந்தேன். பட்டியல் வரும், பெயர் இருக்காது, சின்னவள் அழுவாள், பெரியவள் தோளைத் தட்டிக்கொடுப்பாள். யாருக்கும் எதுவும் தெரியாமலே கதை முடியும். பெரியவள் நாற்பத்திரண்டு நாளாக மனதில் வைத்திருந்த கதையும் அதுதான். ஆனால் அன்று மாலை டீ குடிக்கும்போது இது நடந்தது.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டே பெரியவளைக் கேட்டார்.

“என்ன ஆபீசர், இன்னும் எத்தனை மணி நேரம்?”

“அறுபத்துநாலுப்பா.”

“லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன்கூட இப்படி மணி எண்ண மாட்டான்.”

“மாட்டினவனுக்கு எண்ண என்ன இருக்கு? நீங்க எப்ப வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாது,” என்றாள் சின்னவள்.

அம்மா கோப்பையைக் காட்டி, “செவ்வாய்,” என்றாள்.

“டீ ஆறிப்போச்சாம். சுட வெச்சுக் கொடுக்கணுமாம்,” என்றாள் சின்னவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். உண்மையில் பார்த்திருக்க வேண்டும். எப்படியோ பார்த்துவிடுகிறாள்.

பெரியவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படியிலிருந்து, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்: “நாலாவது காலேஜுக்குச் சம்மதம் கொடுத்துட்டியா? நாளைக்கு அஞ்சு மணியோட முடியுது.”

நான்காவது கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இதே ஊரில் இருக்கிறது. உயிரியல். ஆறு கல்லூரிகளில் ஐந்து இடமில்லை என்று எழுதிவிட்டன. இது ஒன்றுதான் இடம் கொடுத்தது. சம்மதம் கொடுத்தால் வேறு எங்கும் நிலுவையில் இருக்கும் விண்ணப்பம் ரத்தாகும். கொடுக்காவிட்டால் இந்த இடம் அடுத்தவருக்குப் போகும்.

“கொடுக்கலை,” என்றாள் சின்னவள். “கொடுக்கவும் போறதில்லை.”

“ஏண்டி?”

“கொடுத்தா ஏழாவது கேன்சல் ஆயிடும்ல. நீதானே அந்த நிபந்தனையைப் படிச்சுச் சொன்ன?”

“எதுக்கும் ஒண்ணு கையில இருக்கட்டுமே.”

“கையில ஒண்ணை வெச்சுக்கிட்டா மத்ததைப் பிடிக்க முடியாதுக்கா. ஏழாவதுக்கு நான் எழுதின கடுதாசியைப் படிச்ச இல்ல? நல்லா இருக்குன்னு சொன்ன இல்ல?”

“நல்லா இருந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

“இவளுக்குக் கிடைக்கலைன்னா வேற யாருக்குடா கிடைக்கும்?” என்றார் அப்பா. “வீட்டுலயே மூணு வருஷம் டிரெய்னிங் எடுத்திருக்கா. என்னம்மா, உன் வக்கீலை ஊருக்கு அனுப்பலாமா?”

அம்மா சிரித்தாள். பெரிய சிரிப்பு. “அனுப்பு,” என்றாள். மூன்று வருடத்தில் அம்மா நினைத்த சொல்லும் சொன்ன சொல்லும் ஒன்றாக இருந்த சில தடவைகளில் அது ஒன்று. அப்பாவும் சின்னவளும் கைதட்டினார்கள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது.

ஆகவே முதல் வரியைத் திருத்த வேண்டும். எழுபத்தொன்று என்று நான் தவறான கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கணக்கு. அதற்குள் பெரியவள் வாயைத் திறக்காவிட்டால் சின்னவளுக்கு ஏழாவதும் இல்லை, நான்காவதும் இல்லை. இருபத்துமூன்று மணி நேரம்.

முதல் வரியை அப்படியே விட்டிருக்கிறேன். அவள் எவ்வளவு நாள் தப்பாக எண்ணினாள் என்பது அதில் தெரிகிறது.

5

(சற்று நிறுத்துகிறேன். இது கதையல்ல, இலக்கணம்.)

எக்செல் தாளின் ஐந்தாவது பத்தியில் ஒரே சொல் ஏழு தடவை இருக்கிறது: அனுப்பியாச்சு. முதல் ஆறு தடவை அது உண்மை. ஏப்ரல் பதினெட்டு மாலை சின்னவள் தேர்விலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “போயிடுச்சா?”

“அனுப்பியாச்சு,” என்றாள் பெரியவள்.

“ரசீது?”

“வந்தாச்சு.”

இந்த ‘ஆச்சு’வை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அனுப்பினேன் என்றால் அதற்குள் நான் இருக்கிறேன். அனுப்பினாள் என்றால் அவள் இருக்கிறாள். அனுப்பியாச்சு என்பதற்குள் யாருமே இல்லை. சாப்பிட்டாச்சு, பூட்டியாச்சு, சொல்லியாச்சு. வேலை தானாக முடிந்து நிற்கிறது. செய்த ஆள் வெளியே போய்விட்டார். கூச்சமுள்ளவர்களுக்குச் செய்து வைத்தது போன்ற சொல். பொய் சொல்ல அதைவிட வசதியான சொல் நம்மிடம் கிடையாது. அனுப்பினேன் என்று பெரியவளால் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். நாக்கு ஒட்டியிருக்கும்.*

* பெரியவள் யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஒளிக்கவில்லை. ‘நான்’ என்று போட்டு எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தது. ‘அவள்’ என்றால் அவள் மேல் கோபப்பட முடிகிறது. அதனால் அப்படியே தொடர்கிறேன்.

6

மூன்றாவது காரணம். இதில் நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற அம்மையார் நான்கு மணிக்குப் போய்விட்டார். பெரியவள் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்து முடித்தாள். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, திருத்தினாள். சின்னவள் எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: “என் அம்மா பேசுவது எனக்கு மட்டும் புரிகிறது. அது எனக்குப் பெருமை இல்லை, பயம்.” அந்த வரியில் பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான்கு இருபத்தைந்துக்குப் பொத்தானுக்கு வந்தாள்.

அப்போது உள் அறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “படி! படி!”

பெரியவள் போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. “படி,” என்றாள்.

“என்னம்மா? படிக்கணுமா?” பத்திரிகையை எடுத்து நீட்டினாள். அம்மா தட்டிவிட்டாள்.

“மாடிப்படியா? யாராவது வராங்களா?” போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். யாருமில்லை.

“படி,” என்றாள் அம்மா, அழுகை தொடங்கும் குரலில்.

நோட்டைப் புரட்டினாள். ‘படி’ நோட்டில் இல்லை. தண்ணீர் கொடுத்தாள். தலையணையைத் திருப்பிப் போட்டாள். காலைப் பிடித்துவிட்டாள். கழிப்பறைக்கா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டி, அதே சொல்லை இன்னும் மெதுவாக, காது கேட்காதவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. பெரியவள் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். சின்னவளும் போய்விட்டால் இந்த வீட்டில் அம்மா வெளியூர்க்காரி என்று அவளுக்குத் தோன்றியது. தானும்தான்.

திரும்பிக் கணினிக்கு வந்தபோது மணி

திரும்பி வந்தபோது

பெரியவள் திரும்பி வந்து பார்த்தபோது, திரையில்

(மூன்று தடவை முயன்றேன். முதலில் இதன் மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.)

ஆறு மணிக்குச் சின்னவள் வந்து அம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். “படி,” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. சின்னவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

“வெயில் மூஞ்சியில அடிச்சுதாம்,” என்றாள். “பாவம், எவ்வளவு நேரமா இப்படிப் படுத்திருந்தாங்க?”

வெயில் அதற்குள் சுவருக்குப் போய்விட்டிருந்தது.

7

சனிக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். முடிவு எழுத வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

பெரியவளுக்குச் சின்னவளின் கடவுச்சொல் தெரியும். எல்லாக் கல்லூரிக்கும் அவள்தானே கணக்குத் திறந்தாள்? ஐந்து மணிக்குள் அவளே நான்காவது கல்லூரிக்குச் சம்மதம் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை பட்டியலில் பெயர் இல்லை என்றதும், “நல்லவேளை, நான் இதைப் பிடிச்சு வெச்சேன். ஏழாவது ரத்தாகறதுக்கு முன்னாடியே பட்டியல் வந்துடுச்சு,” என்று சொல்லலாம். சின்னவள் கட்டிப்பிடித்து அழக்கூடும். நன்றிகூடச் சொல்வாள். இந்த முடிவு வெள்ளி இரவிலிருந்து என்னை விடவில்லை. கச்சிதமானது, யாருக்கும் நஷ்டமில்லாதது போலத் தெரிவது. ஒரு தடவை அழுத்தாமல் தங்கையின் வாழ்க்கையைத் தீர்மானித்தவள், இந்தத் தடவை அழுத்தித் தீர்மானிப்பாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்தது, அம்மா கூப்பிட்டாள், அந்த அமளியில் நேரம் போய்விட்டது என்று சொல்வது. முக்கால்வாசி உண்மை. சின்னவள் உடனே மன்னித்துவிடுவாள். ஆனால் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். தன்னால்தான் மகளின் படிப்பு போனது என்று நம்புவாள். இல்லை, நடந்தது அப்படி இல்லை என்று அம்மாவுக்கு ஒருவேளை தோன்றினாலும், அதைச் சொல்ல அவளிடம் சொல் கிடையாது. தன் பக்கத்தைப் பேச முடியாத ஒருத்தியின் தலையில் பழியைப் போடுகிற முடிவு இது. பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஓர் அறிக்கை எழுதினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது முடிவு, உண்மையைச் சொல்வது. அதற்குப் பின் சின்னவள் என்ன சொல்வாள் என்று எழுத உட்கார்ந்தேன். கத்துவாள் என்று எழுதினேன். பிறகு, எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எழுதினேன். “உனக்கு ஏன் பயமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா” என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. அப்போதுதான் நிறுத்தினேன்.

அவள் வரியை நான் எழுத மாட்டேன். அவளுக்குப் பதிலாக நான் எடுத்த முடிவு ஒன்று போதும். இந்தக் கதையின் முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன். அந்த வாசகர் இப்போது அடுத்த அறையில் இருக்கிறாள். நீங்கள் கூட இருந்து கேட்கலாம். அவளுக்கு முன்னால் நீங்கள் எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

8

மூன்றே முக்கால். சின்னவள் அம்மாவின் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அம்மாவின் கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“என்னக்கா, பால் திருடின பூனை மாதிரி நிக்கிற?”

“நாலாவதுக்குச் சம்மதம் கொடுத்துடு.”

“திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? அம்மா, பாருங்களேன் இவளை. நேத்திலிருந்து இதே பாட்டு.”

“ஏழாவது வராது.”

“ஓ. எப்பலேருந்து ஜோசியம் பார்க்க ஆரம்பிச்ச?” சின்னவள் சுண்டுவிரலுக்கு வந்திருந்தாள். வெட்டிய நகத்தை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள். “விடுக்கா. இன்னும் ரெண்டு நாள்.”

“அனுப்பலை.”

“யாரு? காலேஜா? திங்கக்கிழமைதானே அனுப்புவாங்க. நீதானே தேதி போட்டு வெச்சிருக்க.”

அம்மா பெரியவளைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

“யாரு அனுப்பலை?” என்று மறுபடியும் கேட்டாள், இப்போது மெதுவாக.

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்,” என்றாள். “உன் விண்ணப்பத்தை நான் அனுப்பலை. சர்வர் நல்லா இருந்துச்சு. அம்மா மேல ஒண்ணும் தப்பில்லை. நான் திரும்பி வந்தப்போ இன்னும் எட்டு நிமிஷம் இருந்துச்சு. எட்டு நிமிஷமும் அந்தப் பொத்தானைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன்.”